ஜெபித்தும் தீராத களைப்பு: நைட் டியூட்டியும் சபை வேலையும் சேர்ந்து அழுத்தும்போது

கேள்வி இதுதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கணவர் வளைகுடாவில். வீட்டில் மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பு, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளர் பொறுப்பு. சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. நோயாளி கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. சங்கத்தில் மூத்த அம்மா ஒருவர், "இது பின்மாற்றம், உபவாசமிருந்து ஜெபி" என்றாராம். இது விசுவாசக் குறைவா, பர்ன்அவுட் என்கிறார்களே அதுவா, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, உபவாசம் இப்போதைக்கு வேண்டாம். இரவு முழுக்க வார்டில் நின்றவர் பகலில் சாப்பிடாமலும் இருந்தால் தலைசுற்றும், கை நடுங்கும், மருந்தின் அளவில் தப்பு நடக்கும். நீங்கள் எழுதியிருப்பதை விசுவாசக் குறைவு என்று நான் படிக்கவில்லை. தூக்கம் போதவில்லை, வேலைக்கு ஆள் போதவில்லை, 'முடியாது' என்று சொல்ல உங்களுக்கு இடமும் இல்லை. செவிலியர் மாணவிகளுக்குப் பல வருடம் பாடம் எடுத்தவள் என்ற முறையிலும், சபையில் பலரோடு உட்கார்ந்து பேசியவள் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டுக்கு விளக்கம் கொடுத்தது. அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் நெடுநாள் சரியாகக் கையாளப்படாமல் போனால் வருவது என்றது. மூன்று அடையாளம் சொன்னது: உடம்பிலும் மனதிலும் சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அலுப்பும் கசப்பும் தட்டுவது, செய்யும் வேலையில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தோன்றுவது. நோயாளி கூப்பிட்டால் வரும் அந்த எரிச்சல் இரண்டாவது வகை. நல்ல நர்ஸுகளுக்குத்தான் அது பெரிய குற்ற உணர்வைத் தரும். அக்கறை இல்லாதவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 1974இல் பர்ன்அவுட்டை முதலில் விவரித்து எழுதிய உளவியலாளர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தபோது அவர் கண்டது அது. அங்கே கருகிப்போனவர்கள் சோம்பேறிகள் இல்லை. சம்பளத்தை எண்ணாமல், மனதார உழைக்க வந்தவர்கள். நம் சபைகளிலும் அப்படித்தான். வருடம் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகிறவருக்கு இது வருவதில்லை.

சரி, வேதம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் ஒரு மிரட்டலுக்கு ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்துக்குள் ஒருநாள் தூரம் போகிறார். ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

தேவதூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை. 'கர்மேலில் அக்கினி இறங்கியதை மறந்துவிட்டாயா' என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு விழவில்லை. தூதன் இரண்டாம் தரம் வந்து மறுபடியும் சாப்பிடச் சொன்னான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று காரணமும் சொன்னான். அந்த மெல்லிய சத்தம், 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி எல்லாம் இதற்கு அப்புறம்தான், நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு. அங்கேயும் கடைசியில் நடந்தது பாருங்கள். "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று புலம்பியவருக்கு இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது; எலிசா என்ற ஆள் துணைக்குக் கொடுக்கப்பட்டார். தூக்கம், சாப்பாடு, நடை, மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்க்க நேரம், வேலையைப் பங்கிட ஓர் ஆள். சங்கத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்ட மருந்தும் இதுவும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள்.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்க மெத்தடிஸ்ட் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் 1907இல் லக்னோவுக்கு வந்தார். எட்டரை வருடத்துக்குள் நரம்புத் தளர்ச்சி வந்து ஓய்ந்துபோனார். விடுப்பில் அமெரிக்கா போகும் கப்பலிலேயே பிரசங்கம் பண்ணப்போய் மறுபடி தளர்ந்தார். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தும் தேறவில்லை. மலைக்குப் போய் ஓய்வெடுப்பார், இறங்கி வந்து வேலையைத் தொடுவார், சுருண்டுவிடுவார். ஊழியத்தையே விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஏதாவது தோட்ட வேலை பார்த்து உடம்பைத் தேற்றலாம் என்று நினைக்கும் அளவுக்கு வந்தார். அந்த நிலையில் லக்னோவில் ஒரு ஜெபக் கூட்டத்தில், 'என் பலம் தீர்ந்துவிட்டது' என்று ஒப்புக்கொண்டு பாரத்தை ஆண்டவரிடம் விட்டபோது பெரிய விடுதலை கிடைத்தது என்று அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்குமேல் உழைத்து 1973இல் இறந்தார்.

பிரசங்கங்களில் இந்தக் கதை அந்த லக்னோ இரவோடு முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அதே மனிதர் 1930இல் இமயமலை அடிவாரத்தில் சாத் தால் ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கே வேலைக்காரர்களுக்கு வாரம் ஒருநாள் விடுமுறை உண்டு. அன்று கழிவறை சுத்தம் செய்வது உட்பட அவர்கள் வேலையை வந்திருந்தவர்களே பகிர்ந்து செய்தார்கள். கூடுகை தொடங்கும்போது ஒவ்வொருவரும் 'எனக்கு என்ன தேவை' என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு வேளை ஒதுக்கியிருந்தார்கள். 1950இல் லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மருத்துவமனையையும் அவர்தான் நிறுவினார். ஜெபத்தில் சுகம் பெற்றவர் மனநல மருத்துவருக்கு இடம் கட்டிக்கொடுத்தார் என்பதை நம் மேடைகளில் யாரும் அதிகம் சொல்வதில்லை.

இனி உங்கள் வாரத்துக்கு வருவோம்.

சபை வேலையைக் குறைக்க வேண்டும். இதில் நான் தயவு காட்டப்போவதில்லை. மோசே காலைமுதல் சாயங்காலம்வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தபோது, மாமனார் எத்திரோ பார்த்துவிட்டுச் சொன்னது: "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல." தொடர்ந்து, நீரும் உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். அந்த இரண்டாவது பாதியை நாம் விட்டுவிடுகிறோம். ஓய்ந்துபோன ஞாயிறு பள்ளி டீச்சரிடம் பிள்ளைகளும்தான் கஷ்டப்படுகிறார்கள். எத்திரோ, 'இன்னும் ஜெபியும்' என்று சொல்லாமல் ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று அதிபதிகளை வைக்கச் சொன்னார். சுமையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்ன நிர்வாக ஆலோசனை அது. அதை வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் சபைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. பந்தலுக்குத் தோரணம் கட்டுவது முதல் அசனத்துக்கு இலை எண்ணுவது வரை எல்லாவற்றுக்கும் 'ஊழியம்' என்று பெயர் வைத்துவிடுவோம். அப்புறம் அதில் எதை மறுத்தாலும் ஆண்டவரையே மறுத்ததுபோல் ஆகிவிடும். அதனால்தான் உங்களால் வாய் திறக்க முடியவில்லை. மூன்று பொறுப்பில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதை? உடம்பு அசந்திருந்தாலும் முடித்துவிட்டு வரும்போது மனம் லேசாக இருப்பது எதுவோ அதை. ஞாயிறு பள்ளி என்றுதான் ஊகிக்கிறேன், பிள்ளைகளைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும்தான் உங்கள் கடிதத்தில் உயிர் இருந்தது.

போதகர் ஐயாவிடம் சொல்லும் விதமும் முக்கியம். "ஐயா, இந்த வருடம் எனக்கு ஞாயிறு பள்ளி மட்டும் போதும். செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள், கணக்கு நோட்டை இந்த மாதக் கடைசியில் ஒப்படைக்கிறேன்." இவ்வளவு போதும். காரணங்களை அடுக்காதீர்கள். நைட் டியூட்டி என்றால் கூட்டத்தைச் சாயங்காலம் வைக்கிறோம் என்பார்கள். பிள்ளைகள் என்றால் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வு தயாராக இருக்கும், நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். முடியாது என்று முன்பே தெரிந்த காரியத்துக்கு, 'ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்வதையும் விட்டுவிடலாம். நாம் எல்லாரும் செய்கிற சின்னப் பொய் அது.

உபவாசம் சொன்ன அம்மாமேல் கோபப்பட வேண்டாம். அவரிடமே ஓர் உதவி கேளுங்கள். நைட் முடிந்து நீங்கள் தூங்கும் நாட்களில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வாரா என்று. ஜெபத்தை உடனே தருபவர்கள், கேட்டால் கையையும் பெரும்பாலும் தருவார்கள். கேட்பதுதான் நமக்கு வராது.

அடுத்தது ஓய்வுநாள். உங்களுக்கு ஞாயிறு ஓய்வுநாள் இல்லை. காலையில் பாட்டுப் பயிற்சி, ஆராதனை, வகுப்பு, சங்கக் கூட்டம், வீட்டுக்கு வந்து சமையல். அது ஆறு நாளோடு சேர்ந்த ஏழாவது வேலைநாள். யாத்திராகமம் 23:12இல் மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்று இருக்கிறது. கழுதைக்கு இருக்கும் உரிமையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஷிஃப்டில் இருப்பவருக்குக் கிழமையைப் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது. யூதர்கள் சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரை என்று கணக்கு வைப்பதுதான் உங்களுக்கு வசதி. உங்கள் ஆஃப் நாளுக்கு முந்தின மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் ஆறு மணிவரை. அந்த நேரத்தில் சங்கம் இல்லை, சபை வாட்ஸ்அப் குழு இல்லை, 'சும்மா ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க சிஸ்டர்' இல்லை.

வீட்டு வேலை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்த காலத்தில், ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாள் இரண்டு மடங்கு சேர்த்து, சுடுவதைச் சுட்டு, வேகவைப்பதை வேகவைத்து, மீதியை மறுநாளுக்கு எடுத்து வைத்தார்கள். அதாவது ஓய்வுநாளுக்கான சமையல் திட்டம் அங்கேயே இருக்கிறது. முந்தின நாளே மாவு அரைத்துவிடுங்கள், ஒரு புளிக்குழம்பு வைத்துவிடுங்கள். அன்று இட்லியும் குழம்பும்தான் என்று மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'அத்தை, நாளைக்கு நான் சமைக்க மாட்டேன்' என்று திடீரென்று சொன்னால்தான் சண்டை வரும். கணவரிடமும் போனில் இதைப் பேசுங்கள். அவர் தூரத்தில் இருந்தாலும், 'அம்மா, அவள் தூங்கட்டும்' என்று அவர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு அந்த வீட்டில் இருக்கும் எடை வேறு.

தூக்கத்தைப் பற்றி நர்ஸுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் நர்ஸுகள்தான் இதில் மிக மோசம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். நைட் முடிந்து ஒரே மூச்சில் வராவிட்டால் காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை, அப்புறம் சாயங்காலம் டியூட்டிக்குமுன் இரண்டரை, மூன்று மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வார்டில் கடைசி டீ இரவு இரண்டு மணிக்குள் முடியட்டும். குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடம்பில் இருக்கும். விடிகாலை ஐந்து மணி டீ பத்து மணித் தூக்கத்தைக் கெடுக்கும். டியூட்டி முடிந்து மார்க்கெட்டுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலில் கெட்டியான பழைய போர்வையைத் தொங்கவிட்டு, போனை மாமியார் அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். கண் சொக்கும்போது ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள், பஸ்ஸில் வாருங்கள். 'தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்' என்பது 127ஆம் சங்கீதம். இயேசுவும் புயலுக்கு நடுவில் படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார், எழுப்பினவர்கள்தான் பதறினார்கள்.

ஜெபம் வறண்டுபோனதைப் பற்றி நீங்கள் மிகவும் கலங்கியிருக்கிறீர்கள். இது புதிதல்ல. நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, நண்பகலில் ஜெபிக்கப் பிடிக்காமல், சூரியன் நகர்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும் துறவியை அப்படியே படம்பிடித்தாற்போல் எழுதியிருக்கிறார். வேறு வேலையே இல்லாமல் ஜெபிக்கப் போனவருக்கே அப்படி. உங்களுக்கு ஒரு காலம் நீண்ட தியானம் வேண்டாம். நைட் டியூட்டியில் 134ஆம் சங்கீதம் போதும். மூன்றே வசனம். 'இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரே' என்று தொடங்குகிறது. நைட் நர்ஸுகளுக்கென்றே எழுதினதுபோல் இருக்கும். காலையில் படுக்கும்போது 121இல் ஒரே வரி, 'இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை'. அவர் விழித்திருக்கிறார், நீங்கள் படுக்கலாம். மனம் கசந்திருக்கும் நாளில் 88ஆம் சங்கீதம். முடிவில்கூட வெளிச்சம் வராத சங்கீதம் அது. அதையும் ஆராதனையில் பாடத்தான் வைத்திருந்தார்கள். அதுவும் முடியாத வாரத்தில் உங்களுக்காக வேறு யாராவது ஜெபிக்கட்டும். திமிர்வாதக்காரனை இயேசுவிடம் நாலு பேர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு, வாய்க்காலாக இராதே, தொட்டியாக இரு என்று பிரசங்கித்தார். வாய்க்கால் வந்த தண்ணீரை அப்படியே கடத்திவிடும். தொட்டி தான் நிறைந்த பிறகே வழியும். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, குளம் பெருகினால்தான் மறுகால் போகும். அவருடைய சீடரே போப்பாக ஆனபோது, எல்லாருக்கும் உம்மைக் கொடுக்கிறீரே, அந்த எல்லாரில் உம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளும் என்கிற பொருளில் அவருக்கும் எழுதினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பர்ன்அவுட்டை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, குறை பெரும்பாலும் ஆளிடம் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்பதே. ஒரு நர்ஸுக்கு அளவுக்கு மீறிய நோயாளிகளைக் கொடுத்துவிட்டு, 'தியானம் பண்ணுங்கள்' என்று சொல்லும் நிர்வாகத்துக்கு உங்கள் விசுவாசம் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. டியூட்டி சார்ட் போடும் இன்சார்ஜ் சிஸ்டரிடம், தொடர்ச்சியாக எத்தனை நைட் வருகிறது, நடுவில் எத்தனை ஆஃப் கிடைக்கிறது என்று தேதி போட்டு எழுதிக் காட்டுங்கள். கூட வேலை பார்க்கும் நான்கு பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. 'களைப்பாக இருக்கிறது' என்பதைவிடத் தேதியோடு கூடிய தாளுக்கு மதிப்பு அதிகம்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை. நம் பெண்கள் பாதிப்பேருக்கு ரத்தசோகை இருக்கிறது, அதைத்தான் பலர் ஆவிக்குரிய சோர்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் இதையும் கவனியுங்கள். நான்கு நாள் லீவு எடுத்தால் கொஞ்சமாவது தெளிகிறதா? தெளிந்தால் இது வேலைச் சுமை. லீவிலும், பிள்ளைகளோடு இருக்கும்போதும் இரண்டு வாரத்துக்குமேல் அதே இருட்டு, அதே அழுகை, எதிலும் ஆசையின்மை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை எழுதினால் போட வேண்டும். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் எழுதிக் கொடுத்தார், அவரோடுகூட லூக்கா என்ற வைத்தியர் இருந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) 1957இலேயே பாகாயத்தில் மனநல மையம் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்துச் சிகிச்சை கொடுத்தது. இது சபைக்குப் புதிய சங்கதியே அல்ல.

எலியாவைப்போல 'போதும், எடுத்துக்கொள்ளும்' என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றாலும் கேட்டுக்கொள்கிறேன், இருந்து எழுதாமல் விட்டிருந்தால் முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இல்லையென்றால் பரிசோதனை முடிவு வந்ததும் ஐயாவைப் பார்த்துச் செயலாளர் பொறுப்பை விடுங்கள். பாடகர் குழுவுக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதை கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி தொடங்குவதற்குமுன் முடிவு செய்ய வேண்டாம். தொடங்கியபிறகும் அவசரமில்லை.